பச்சைக் கதவு வீட்டுத் தரிசனம்

அன்புள்ள மகன்,

வரும் மாதம் உன் தலையில் கை வைத்து உன்னை ஊழியத்துக்கு அபிஷேகம் செய்யப் போகிறார்கள். வெள்ளை அங்கி தைக்க அளவு கொடுத்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அதில் பொய்யில்லை. ஆனால் போனை வைத்த பிறகு அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் அந்த ஆராதனையில் வந்து முன்வரிசையில் உட்கார என்னால் முடியாது. நேரில் சொன்னால் நீ இடையில் மறித்துக் கதைப்பாய், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் இருந்து வாசி.

சபைக்குள் வரும் கள்ளப் போதகர்களைப் பற்றி நீ நிறையப் படித்திருப்பாய். கல்லூரியில் அதற்கென்று பாடமே நடக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். எந்த உபதேசம் பிழை, எந்த வசனத்தை யார் எப்படித் திரிக்கிறார்கள் என்றெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மகன், நம் வீட்டுக்குள் வந்தவர் எந்த வசனத்தையும் திரிக்கவில்லை. வேதத்தை அவர் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எங்களிடம் காசு கேட்டதில்லை. குடித்ததில்லை. பெண்களிடம் தலைகுனிந்துதான் கதைப்பார். உன் பாடப் புத்தகத்தை வைத்து அவரைப் பரீட்சித்தால் நல்ல மார்க்குடன் பாஸாகிப் போயிருப்பார். அவரால் நம் வீட்டுக்கு என்ன நடந்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டிருந்தார். அவர் கண்மூடிய பிறகும் அந்த வார்த்தையைக் காத்தேன். இனிக் காப்பது சரியில்லை என்று படுகிறது.

அந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது வயதில் பார்த்தது மறக்காது. ஆண்டவர் பிறந்த நத்தாருக்கு மறுநாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கலாகக் கிடந்த ஊர் நம் ஊர். முதல் நாள் புதுச் சட்டையோடு ஓடித் திரிந்த உன் தங்கச்சி ஜெனிற்றாவுக்குக் கால் பெருவிரலில் சிப்பி வெட்டிவிட்டது. என் பழைய நீலச் சீலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டிருந்தேன். நொண்டிக்கொண்டு சேர்ச்சுக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். பக்கத்து வளவில் இருந்த உன் மாமியிடம் அவளை விட்டுவிட்டு, உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலம் கடந்து ஆராதனைக்குப் போனேன். அப்பா வாவியில் தோணியோடு நின்றார். பிரசங்கம் முடியவில்லை. ரோட்டில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. “கடல் வந்திட்டு, கடல் வந்திட்டு” என்று ஒருவர் கத்திக்கொண்டு போனார். கடல் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவே இல்லை. நாங்கள் திரும்பிப் போனபோது ஊர் இருந்த இடத்தில் மணலும் வேரோடு புரண்ட தென்னைகளும்தான் கிடந்தன. அப்பாவைத் தோணியோடு தூக்கி அக்கரைக் கண்டல் மரங்களுக்குள் எறிந்திருந்தது தண்ணீர். அவர் தப்பினார். மாமியின் உடல் மறுநாள் கிடைத்தது. ஜெனிற்றா கிடைக்கவில்லை.

தன்னாமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நம்மை இருத்தினார்கள். நான் ஒரு வகுப்பறைச் சுவரோடு சாய்ந்து கிடந்தேன். சாப்பிடவில்லை, கதைக்கவில்லை. உன்னைப் பார்த்தால்கூட, நீ ஏன் இருக்கிறாய், அவள் ஏன் இல்லை என்றுதான் மனம் கேட்டது. அந்த நேரம் நம் சேர்ச் போதகர் ஐயா வந்தார். சேறு பட்ட சாரத்தோடு வந்து என் பக்கத்தில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“ஐயா, என்ட புள்ள உசிரோட இரிக்காளா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “எனக்குத் தெரியா மகள்” என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம்கூடப் பண்ணவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இத்தனை வருடம் பிரசங்கம் பண்ணிய மனிசன், இந்த ஒரு கேள்விக்கு மறுமொழி இல்லாமல் வந்து குந்திக்கொண்டு இருக்கிறாரே என்று. “தெரியாட்டி ஏன் வந்தீங்க? போங்க ஐயா” என்று கத்தினேன். அவர் எழும்பிப் போகவில்லை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நம் வீட்டுக்குள் வந்தவர் என்று மேலே சொன்னேனே, அவர் சில நாட்களில் வந்தார். வேறு ஊரிலிருந்து ஒரு வானில் சோற்றுப் பார்சலும் பாயும் கொண்டு வந்த கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். இளம் ஆள். தண்ணீர்க் குடத்தைத் தன் தோளிலேயே சுமந்து வந்து வைத்தார். “என்னப் பாஸ்டர் எண்டு கூப்பிடாதீங்க, அண்ணன் எண்டு கூப்பிடுங்க” என்று எல்லாருக்கும் சொன்னார். என்னிடம் வந்து உட்கார்ந்து பிள்ளையைப் பற்றிக் கேட்டார். என்ன பெயர், முடி எவ்வளவு நீளம், என்ன விருப்பமாய்ச் சாப்பிடுவாள், யாரைத் தேடி அழுவாள். வாய் திறக்காமல் கிடந்த நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். அவர் முகம் மாறியது. மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார்.

“அக்கா, நான் ஒரு வீட்டைக் காணுறன். மலைப் பக்கம். பச்சைக் கதவு போட்ட வீடு. பின்னால ஓடை ஒண்டு ஓடுது. ஒரு அம்மா உங்கட புள்ளைக்கு நீளமான முடிய வாரிவிடுறா. புள்ள உங்களத் தேடுது, ஆனாப் பயப்படல்ல. ஆண்டவர் சொல்லுறார், அவ திரும்பி வருவா.”

அன்று மத்தியானம் நான் சோறு சாப்பிட்டேன். நீ என் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாய். அப்பா வகுப்பறை வாசலில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லாததை நான் கவனித்தேன். ஆண்பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அந்த மனிதர் எனக்குத் திருப்பித் தந்தார் என்பது அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். தாகத்தில் இருப்பவளுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றில் அள்ளியது என்ற விசாரணை இல்லை.

அதன் பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். நம் பழைய சேர்ச்சை விட்டேன். போதகர் ஐயா தேடி வந்தபோது கதவைத் திறக்கவில்லை. பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் தன்னாமுனைக்குக் கிட்டத் தகரக் கூரை போட்டு ஒரு சபை தொடங்கினார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான்தான் பாய் விரிப்பேன். ஒவ்வொரு நத்தாருக்கும் ஜெனிற்றாவுக்கு ஒரு சட்டை தைத்தேன், வருடம் போகப் போக அளவைக் கூட்டி. ஆறு வயதில் போன பிள்ளை பத்து வயதில் வந்தால் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நிறுத்தி அளந்து பார்த்தேன். நீ புதுச் சட்டை கேட்ட ஒரு நத்தாரில், “உனக்கென்ன, நீ இஞ்சதானே இரிக்காய்” என்று சொன்னேன். அந்த வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

மலைப் பக்கம் என்று சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டு உன்னையும் இழுத்துக்கொண்டு செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ் ஏறினேன். இயக்கத்துக்கும் ஆமிக்கும் சண்டை நடந்த காலம், சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடக்க வேண்டும். நீ வளைவுகளில் சத்தி எடுத்தாய். யார் வீட்டுக் கதவு பச்சை என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். கடைசியில் ஒரு வீடு, பச்சைக் கதவு, பின்னால் நீர் ஓடும் சத்தம். முற்றத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் சிங்களத்தில் வீறிட்டாள். உள்ளேயிருந்து அவள் தாய் ஓடி வந்தாள். எனக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. நான் “சுனாமி, சுனாமி” என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாய் பிள்ளையைத் தன் பின்னால் ஒதுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நம்மை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தாள். பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம், அந்தக் காலத்தில் அது போதும் நம்மை அழிக்க. அவள் சொல்லவில்லை. நம்மோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்து வந்தாள்.

திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அக்கா, வீடு அதுதான். ஆனா ஆண்டவர் புள்ளைய மறைச்சிட்டார். உங்கட வீட்டுக்குள்ள ஒருத்தர் நம்பாம இரிக்கார். அவிசுவாசம் இரிக்கிற வீட்டுக்குப் புள்ள எப்படி வரும்?” என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து அப்பாவோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டே இருந்தார். உன்னை விடுதியில் சேர்த்ததும் அதற்காகத்தான். “இந்த வீட்டுக்குள்ள புள்ள வளர ஏலா” என்று அவர் சொன்னதைப் பிள்ளையைப் பிரிக்கிறார் என்று நான் அண்ணனிடம் முறையிட்டேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. வன்னியிலிருந்து திரும்பியவர்கள் திரும்பினார்கள். திரும்பாதவர்களின் தாய்மார் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரி வாசலிலும் முகாம் வாசலிலும் நின்றார்கள். அப்படி ஒரு தாய்தான் பூமணி அக்கா. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக் குடும்பம். வயல் வட்டையில் விதைப்புக்குப் போன அவர் மகனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. வன்னியில் கடைசிச் சண்டை நேரம் ஒரு பங்கருக்குள் இருந்தான் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. சிவன் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு, வாவியைப் பாதைப் படகில் கடந்து எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் வந்தார். “எந்தச் சாமி எண்டாலும் பரவாயில்ல தங்கச்சி, என்ட பொடியனக் காட்டினாப் போதும்” என்று என்னிடம் சொன்னார். புதிதாக வரும் தாய்மாருக்குப் பக்கத்தில் என்னை இருத்துவது வழக்கம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். மகனின் பெயரைக் கேட்டார். என்ன விருப்பமாய்ச் சாப்பிடுவான் என்று கேட்டார். பூமணி அக்கா சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். கண்ணை மூடினார். முகம் மாறியது.

“அம்மா, நான் ஒரு வீட்டைக் காணுறன். மலைப் பக்கம். பச்சைக் கதவு போட்ட வீடு. பின்னால ஓடை ஒண்டு ஓடுது. ஒரு அம்மா உங்கட மகனுக்குச் சோறு போட்டுக் குடுக்கிறா. மகன் உங்களத் தேடுறார், ஆனாப் பயப்படல்ல.”

அதே வீடு. அதே ஓடை. அதே மெல்லிய குரல். பூமணி அக்காவின் கை என் கைக்குள் இறுகியது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம் அதில். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பட்டப்பகலில் செருப்பில்லாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தேன்.

அப்பா வாவிக் கரையில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டு இருந்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன் என்று தெரியாது. நடந்ததைச் சொன்னேன். “ஒரே வீட்டக் காட்டுறார், நம்மட புள்ளைக்கும் அவட மகனுக்கும்” என்றேன். அவர் தார்த் துணியைக் கீழே வைத்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“நம்மட புள்ளைய நான்தான் தாட்டன்.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். முகாமில் நான் சுவரோடு கிடந்த நாட்களில் அவர் தினமும் தோணி ஒன்றை இரவல் வாங்கி வாவி முழுதும் தேடினாராம். அக்கரைக் கண்டல் வேர்களுக்குள் கண்டாராம். முகத்தை வைத்து ஆரையும் சொல்ல ஏலாத நிலை. கால் பெருவிரலில் என் நீலச் சீலைத் துணி கட்டியபடியே இருந்ததாம். தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து, மற்ற உடல்களோடு சேர்த்து அவளையும் அடக்கம் செய்த குழிக்குள் தன் கையாலேயே இறக்கினாராம். “உனக்குச் சொல்லத்தான் வந்தன். நீ சாப்பிடாமக் கெடந்தாய். ரெண்டு நாள் கழியட்டும், உசிர் கொஞ்சம் வரட்டும் எண்டு பாத்தன். மறுகா அவர் வந்திட்டார். நீ சோறு திண்டாய். உன்ட வாயிலிருந்து அந்தச் சோத்த நான் எப்படிப் பறிக்கிற?”

இதுவரை உனக்குத் தெரியும். ஜெனிற்றாவை அடக்கம் செய்த இடத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனோம். உனக்குச் சொல்லாதது இதுதான். அண்ணன் முகாமுக்கு வந்த அந்த வாரமே அப்பா அவரைத் தனியாகச் சந்தித்திருக்கிறார். நடந்ததை எல்லாம் சொல்லி, “ஐயா, நீங்க தெரியாமச் சொல்லிப்போட்டீங்க. நீங்களே மெல்ல அவவுக்கு எடுத்துச் சொல்லுங்க, உங்கட வார்த்தையத்தான் அவ கேப்பா” என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சொன்ன மறுமொழியை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. “அது உங்கட புள்ளதான் எண்டு என்ன நிச்சயம்? துணி ஆருட காலிலயும் இரிக்கும். உங்கட வாயால அவவக் கொல்லாதீங்க. சொன்னீங்க எண்டால் அவ செத்திருவா, அந்தப் பழி உங்கட தலையிலதான்.” அதற்குப் பிறகு அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம், தான் தாட்டது தன் பிள்ளையைத்தானா என்று. என்ட கண்ணையே நம்ப ஏலாமப் போயிட்டு என்றார். அவ்வளவு காலமும் அந்தக் குழிப் பக்கம் ஒரு மெழுகுதிரி கொளுத்தக்கூட அவர் போகவில்லை. ஒரு மனிதனிடமிருந்து அவன் பிள்ளையின் கல்லறையையும் அவன் கண்ணையும் சேர்த்துப் பறித்துவிட்டு, வெள்ளிதோறும் அவன் மனைவியின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ண ஒருவரால் முடிந்திருக்கிறது.

இதை உனக்கு ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். “பொடியன் ஊழியத்துக்குப் போற ஆச வச்சிரிக்கான், ஆண்டவர் மேல வெறுப்பு வந்திரும்” என்று அப்பா சொன்னார். உனக்காகத்தான் மறைத்தார். ஆனால் மறைப்பதற்கு எப்போதும் இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது, பார்த்தாயா.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் சேர்ந்தே அந்தத் தகரக் கூரைக்குள் போனோம். கூட்டம் நிறைந்திருந்தது. நான் எழும்பி நின்று கேட்டேன். “அண்ணன், புள்ளையத் தாட்டிட்டன் எண்டு இவர் உங்களிட்டச் சொன்னவரா, இல்லையா?” அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. சிரித்த முகத்தோடு, “சொன்னவர் அக்கா. ஆனா நான் மனிசர் சொல்லுறத நம்புறல்ல, தேவன் சொல்லுறதத்தான் நம்புறன்” என்றார். கூட்டம் ஆமென் என்றது. “இந்தச் சகோதரிக்குள்ள சோர்வின் ஆவி பூந்திரிக்கு, எல்லாரும் கையை நீட்டி ஜெபம் பண்ணுங்க” என்றார். என்னோடு பாய் விரித்த பெண்கள், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்கள், எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு சத்தமாய் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அப்பா என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

நான் பூமணி அக்காவுக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். வந்ததும் கையைப் பிடித்துச் சொன்னேன். “அக்கா, எனக்கும் இதே வீட்டத்தான் சொன்னவர். நம்பாதீங்க.” அவர் கையை உதறவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். “உங்கட புள்ளைட குழி எங்க இரிக்கெண்டு உங்களுக்குத் தெரியும் தங்கச்சி. போய் அழுறத்துக்கு ஒரு இடம் இரிக்கு. எனக்கு இவர் சொல்லுற வீட்ட விட்டா வேறென்ன இரிக்கு?” நான்தான் கையை விட்டேன். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்தபோது மற்றத் தாய்மார் போய் முறைப்பாடு கொடுத்தார்கள். பூமணி அக்கா போகவில்லை. முறைப்பாடு கொடுப்பது அவிசுவாசம், உயிரோடு இருக்கிறவனைக் காணவில்லை என்று சொல்லக் கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டார். அந்தத் தாய்மார் இன்னும் ரோட்டோரத்தில் போட்டோக்களோடு நிற்கிறார்கள். அவர் மகனின் முகம் அங்கே இல்லை. அவனைத் தேடுகிற ஒரு ஆள்கூட இந்த உலகத்தில் இல்லாமல் போய்விட்டது, பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே.

அந்த மனிதருக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. இப்போது வேறு ஊரில் பெரிய மண்டபம் வைத்திருக்கிறார் என்று கேள்வி. சனம் நிறைகிறதாம். அவரை நான் வெகுகாலம் வெறுத்தேன். இப்போது வேறு ஒன்றை யோசிக்கிறேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர் ஏமாற்றத்தான் வந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்து அவர் கண் கலங்கியது. என் அழுகையை அவரால் தாங்க முடியவில்லை. எதையாவது சொல்லி என்னைச் சாப்பிட வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். சொன்னார். நான் சாப்பிட்டேன். தன் வாய்க்கு இப்படி ஒரு பலம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டிருப்பார். அதற்குப் பிறகு, அப்பா வந்து உண்மையைச் சொன்னபோது, திரும்ப ஒரு வழி இருந்தது. என்னிடம் வந்து, அக்கா நான் சொன்னது பிழை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில்தான் அவர் கள்ளப் போதகர் ஆனார் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது நீதான், மகன். போன மாதம் செங்கலடியில் அந்த வீட்டு ஜெபத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நீ நன்றாகப் பேசினாய். தன் நண்பன் இறந்த வீட்டில் ஆண்டவரும் நின்று அழுதார் என்று வேதத்திலிருந்து நீ சொன்னபோது எனக்குப் பெருமையாய் இருந்தது. ஜெபம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரி, மகளின் கலியாணத்தைப் பேசி வைத்துவிட்டு நிற்கிறவள், உன் முன்னால் வந்து முழந்தாளில் இருந்தாள். “தம்பி, என்ட மகள்ட அப்பா யுத்தத்தில காணாமப் போனவர். கலியாணத்துக்காவது வருவாரா எண்டு ஆண்டவரிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்று கேட்டாள். நீ அவள் தலையில் கை வைத்தாய். கண்ணை மூடினாய். கொஞ்சநேரம் பேசாமல் நின்றாய். அந்தக் கொஞ்சநேரமும் நான் என் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நீ சொன்னாய். “நம்பிக்கைய விடாதீங்க அம்மா. அவர் இரிக்கார் எண்டு ஆண்டவர் எனக்கு உணர்த்துறார்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்தாய். வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அம்மா, அவட முகத்தக் கண்டீங்களா?” என்று கேட்டாய். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். வெயில் தலைக்குள் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். உனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. ஆனால் ஆண்டவர் உனக்கு ஒன்றும் உணர்த்தவில்லை, மகன். நான் உன்னைப் பெற்றவள். நீ உண்மை சொல்லும் குரலும் எனக்குத் தெரியும், ஒருவரைச் சமாளிக்கும் குரலும் எனக்குத் தெரியும்.

நீ இனிப் பல வீடுகளுக்குப் போவாய். இந்த மண்ணில் வாசலுக்கு வாசல் இதே கேள்வியோடுதான் சனம் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவனாய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் போதகர் ஐயாவின் முகத்தில் கண்டவள் நான். அதைவிட லேசான ஒரு வழி உன் வாயிலேயே இருக்கிறது. அதைச் சொன்னால் உன் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள், உன்னைத் தேடி வருவார்கள், உன் கூட்டம் பெருகும். கள்ளப் போதகனை வெளியில் தேடிக்கொண்டு இருக்காதே. உன் சபைக்குள் அப்படி ஒருவர் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், படித்திருக்கிறாய். உனக்குள் வந்தால் யார் கண்டுபிடிப்பது? உன்னைக் கேள்வி கேட்கும் ஆளை வீட்டுக்குள் வைத்திரு. உனக்கு மனைவி வந்தால் அவள் கேட்கட்டும். உன் சபையில் ஒரு கிழவன் முகம் சுளித்துக்கொண்டு இருந்தால் அவனைப் போய்க் கேள், ஏன் என்று. கேள்வி கேட்கிறவனுக்குள் சோர்வின் ஆவி இருக்கிறது என்று உன் வாய் என்றைக்காவது சொன்னால், அன்றைக்கு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. நான் சோறு போடுகிறேன்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் தலையில் அவர்கள் கை வைப்பதற்கு முதல் அந்தச் செங்கலடி வீட்டுக்குப் போ. தனியாகப் போகப் பயமாய் இருந்தால் என்னைக் கூப்பிடு, வாறன். அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, “அண்டைக்கு நான் சொன்னது ஆண்டவர் சொன்னதில்ல, நானாச் சொன்னது. உங்கட அவர் எங்க இரிக்கார் எண்டு எனக்குத் தெரியா” என்று சொல். சுற்றி வளைக்காதே, உடனே ஒரு ஜெபத்தைப் போட்டு அதை மூடாதே. அவள் அழுவாள். நீ கொடுத்ததை நீயே பறிக்கிறாய் என்று ஏசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள், போ வெளியே என்று கத்துவாள். கத்தட்டும். எழும்பி வந்துவிடாதே மகன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாலும் அங்கேயே இரு.

அம்மா